ஈஸ்வரி போட்ட சத்தம்

கடைசிக் குடியிருப்பைத் தாண்டி, மாந்தோப்பு ஓரத்தில் இரண்டு பைக்குகளையும் நிறுத்தியதும் சரவணகுமார் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா, மயக்கம் வருமா, பூச்சி கடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா. ஆதிநாராயணன் தலையாட்டி மறுத்தான். மிருதுளா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஈஸ்வரி அவளைப் பார்த்தாள். மிருதுளா திரும்பவில்லை.

போன ஐப்பசியில் நடந்தது ஈஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். திருவள்ளூரில் மிருதுளாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு தேனீ அவள் கழுத்தில் கொட்டியது. சாதாரணத் தேனீதான். சற்று நேரத்தில் உதடு வீங்கி, குரல் அடைத்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஈஸ்வரி ஸ்கூட்டியில் உட்கார வைத்து, ஒரு கையால் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோனாள். அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் எச்சரித்தார். வீட்டுக்குத் தெரிந்தால் இனி மலைப் பக்கமே விடமாட்டார்கள் என்று மிருதுளா அழுதாள். அவள் அப்பா ஸ்ரீராமன் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறவர். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுவதையே அரைமனதோடுதான் பொறுத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று ஈஸ்வரி வாக்குக் கொடுத்தாள்.

அவர்கள் நால்வரும் தம்பக மரத்துக்காகச் சேர்ந்து அலைகிறவர்கள். சரவணகுமார் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஈஸ்வரியும் மிருதுளாவும் அதே தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார்கள். ஈஸ்வரி தரப் பரிசோதனையில், மிருதுளா கணக்குப் பிரிவில். ஆதிநாராயணன் பள்ளிப்பட்டுக்காரன், பொதட்டூர்பேட்டையில் செல்போன் கடை வைத்திருந்தான். முதலில் சும்மா மலை ஏறத்தான் போனார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த மலைத்தொடரை விட்டால் தம்பகம் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை என்று தெரிந்த பிறகு போவதன் காரணம் மாறியது. கட்டைக்காகவும் பட்டையிலிருந்து வடியும் குங்கிலியத்துக்காகவும் வெட்டி வெட்டி, இந்தப் பக்கத்துச் சரிவில் விதை தரும் அளவுக்கு வளர்ந்த மரங்கள் மிகச் சிலதான் மிஞ்சியிருந்தன. வனத்துறை அனுமதியோடு விதை எடுத்து, நாற்று வளர்த்து, மழைக்காலத்தில் மறுபடி மலையில் நடுவது அவர்கள் வேலை.

விதையில்தான் சிக்கல். தம்பக விதைக்குச் சிறகு உண்டு. மே மாதக் கடைசியில் காற்றடிக்கும்போது சுழன்றுகொண்டு இறங்கும். விழுந்து ஒரு வாரம் போனால் முளைக்காது. போன இரண்டு வருஷமும் அவர்கள் தாமதமாகப் போய்ச் சருகைத்தான் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை மிருதுளாதான் பிப்ரவரியிலிருந்தே பைனாகுலரில் பார்த்துப் பார்த்து, மரம் பூத்ததையும் காய்த்ததையும் கணித்து, இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். அவளை வராதே என்று எப்படிச் சொல்வது என்று ஈஸ்வரி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

ஓடை வற்றிக் கிடந்தது. கல்லுக்குக் கல் தாவி ஏறினார்கள். வெயில் ஏறுவதற்குள் மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று சரவணகுமார் அவசரப்படுத்தினார். வழியில் ஒரு சுனை மட்டும் பச்சைத் தண்ணீரோடு நின்றது. அதைத் தாண்டி ஒரு திருப்பம் திரும்பியதும் பாறை முழுசாகத் தெரிந்தது. செங்குத்தான பாறை. அதன் காலடியில் நேராக உயர்ந்து நின்றது தம்பகம். கிளையெல்லாம் காய்ந்த சிறகுகள்.

மரத்தைப் பார்த்து மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள். ஈஸ்வரி பாறையின் நெற்றியைப் பார்த்தாள். குடை பிடித்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்த பாறை விளிம்புக்குக் கீழே கறுப்பாக, அரைவட்டமாக, ஆள் உயரத்துக்கு அடைகள் தொங்கின. ஒன்று அல்ல, ஏழெட்டு. அவற்றின் மேல் ஓர் அலை ஓடி அடங்கியது. மலைத்தேனீ.

பேசாமல், வாசனை எதுவும் இல்லாமல், மெதுவாகப் போனால் ஒன்றும் செய்யாது என்று ஆதிநாராயணன் தாழ்ந்த குரலில் சொன்னான். அவன் மலையடிவாரத்தில் பிறந்தவன். சரவணகுமாரும் சரி என்றார். மிருதுளா அதற்குள் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"ண்ணா, அவள நிறுத்து," என்றாள் ஈஸ்வரி. "தேனீ கொட்னா அவளுக்கு மூச்சு நின்னுடும்."

மிருதுளா நின்றாள். முகம் வெளுத்துப் பின் சிவந்தது. சரவணகுமார் நிஜமா என்று கேட்டார். அவள் துப்பட்டா முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். கீழே கேட்டபோது ஏன் மறைத்தாய் என்று அவர் கத்தவில்லை. கத்த முடியாத இடம். சுனைக்குத் திரும்பிப் போய் உட்காரும்படியும், ஈஸ்வரி அவளோடு இருக்கும்படியும் சொன்னார். மூன்று வருஷம் உழைத்து, ஒரு கை விதையைக்கூடத் தொடாமல் மிருதுளா திரும்பினாள்.

சுனைக்கரையில் இருவரும் ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தார்கள். மிருதுளா தண்ணீரைப் பார்த்தபடியே, "இனிமே உங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இரு என்று ஈஸ்வரி நினைத்தாள். திருப்பத்துக்கு அப்பால் சரவணகுமாரும் ஆதிநாராயணனும் விதை பிடிக்கும் பச்சை வலையை விரிப்பது இலைகளின் ஊடே அரைகுறையாகத் தெரிந்தது, அதற்கு மேலே பாறை விளிம்பும். காற்று வந்தபோதெல்லாம் விதைகள் சுழன்று இறங்கின. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது.

அது தேன்பருந்து என்பது ஈஸ்வரிக்கு அப்போது தெரியாது. பெரிய பறவை ஒன்று சிறகை மடக்கிக்கொண்டு பாறை விளிம்பை நோக்கிச் சரிவதையும், அடையில் மோதி ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு எழுவதையும் மட்டும் பார்த்தாள். முதலில் சத்தமே இல்லை. அடை வழிந்து கொட்டியது போல இருந்தது. அதன் பிறகுதான் அந்த இரைச்சல் கேட்டது. அவள் வேலை செய்யும் கம்பெனியில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும்போதுகூட அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை.

அவள் மிருதுளாவை இழுத்துப் பாறைக்கும் புதருக்கும் நடுவே குப்புறத் தள்ளினாள். பையிலிருந்த ரெயின்கோட்டை அவள் மேல் போர்த்தி, விளிம்புகளைக் கல்லால் அழுத்தினாள். அசையாதே என்றாள். நிமிர்ந்தபோது சரவணகுமார் ஓடி வருவது தெரிந்தது.

அவர் தலையைச் சுற்றிக் கறுப்பு மேகம். கைகளை வீசிக்கொண்டு, கல்லில் இடறி எழுந்து, சுனையை நோக்கி வந்தார். தண்ணீர்தான் அவர் கண்ணில் தெரிந்திருக்கும். இன்னும் பத்துப் பதினைந்து பாய்ச்சலில் அவர் இங்கே இருப்பார். அவரோடு அத்தனை தேனீயும் இங்கே இருக்கும்.

ஈஸ்வரி எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினாள்.

"இங்க வராதண்ணா. அந்தாண்ட போ. அந்தாண்ட போ."

அவர் நின்றார். ஒரு கணம்தான். முகம் அவள் பக்கம் திரும்பியது. கண் திறந்திருந்ததா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் இடப்பக்கம் திரும்பி, முள்காடு அடர்ந்த சரிவில் பாய்ந்தார். கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. மேகம் அவர் பின்னாலேயே போனது. சற்றுத் தள்ளி அவர் அலறுவது கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வழி தவறிய சில தேனீக்கள் சுனைக்கும் வந்தன. ஈஸ்வரியின் கையிலும் காதிலும் கொட்டின. ரெயின்கோட்டுக்குள் புகுந்த ஒன்றோ இரண்டோ மிருதுளாவையும் கொட்டிவிட்டன.

இரைச்சல் அடங்கிய பிறகு ஆதிநாராயணன் வந்தான். மரத்தடிப் பொந்தில் சுருண்டு, பச்சை வலையை மடித்து மேலே போர்த்திக்கொண்டு தப்பித்திருந்தான். விதைப் பை தோளில் இருந்தது. அதை அவன் நினைத்துக்கொண்டு வரவில்லை, கழற்ற மறந்திருந்தான். அவனும் ஈஸ்வரியுமாக முள்ளை விலக்கிச் சரவணகுமாரைக் கண்டுபிடித்தார்கள். நினைவு இருந்தது. முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. சட்டையெல்லாம் கிழிந்து, முதுகிலும் கழுத்திலும் கொடுக்குகள் தாடி போல நின்றன.

அவரைத் தாங்கிக்கொண்டு சுனைக்குத் திரும்பியபோது மிருதுளாவின் உதடு தடித்திருந்தது. எப்போதும் வைத்திருக்கும்படி டாக்டர் கொடுத்த மாத்திரையை ஈஸ்வரி அவள் பையில் தேடி எடுத்து வாயில் போட்டாள். மிருதுளாவின் மூச்சில் விசில் போல ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது.

ஆதிநாராயணன் சற்று மேலே ஏறி 108-க்கு அடித்தான். போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்முனையில் தெலுங்கு. அவனும் தெலுங்கிலேயே பேசினான். எந்த மண்டலம் என்று அந்தப் பெண் கேட்டாள். தமிழ்நாட்டுப் பக்கம் என்று இவன் விளக்கினான். அவள் அக்கறையாகத்தான் பேசினாள், இணைப்பை மாற்றித் தருவதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்தாள். சிக்னல் அறுந்தது. மறுபடி அடித்தான், மறுபடி அறுந்தது. மூன்றாவது முறை அவன் 108-ஐ விட்டுவிட்டு, மாந்தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த தன் மாமா கலியனுக்கு அடித்தான். குட்டியானை வண்டியைக் காலி பண்ணி நிறுத்து, நான்கு ஆளைக் கட்டிலோடு மேலே அனுப்பு என்று மட்டும் சொன்னான்.

இறங்க ஒரு மணி நேரம் ஆகும். தூக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவன் ஈஸ்வரியைப் பார்த்தான். யாரை என்று கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்டான்.

சரவணகுமார் பாறையில் சாய்ந்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும் தூரம்தான்.

"மிருதுளாவத் தூக்கினு போ," என்றாள் ஈஸ்வரி. "அவளுக்கு டைம் இல்ல."

ஆதிநாராயணன் அவளை முதுகில் போட்டுத் துப்பட்டாவால் தன்னோடு கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் தலை மறைந்ததும் ஈஸ்வரி சரவணகுமார் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையில் கிடந்த கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, அதன் விளிம்பால் கொடுக்குகளைச் சுரண்டத் தொடங்கினாள். நகத்தால் பிடுங்கினால் விஷம் இன்னும் உள்ளே போகும் என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். முதுகு முடிந்து கழுத்து, கழுத்து முடிந்து காதுக்குப் பின்னால். அவர் அவளைத் திட்டவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. "எம் மேல இன்னும் ஒட்டிக்கினு இருக்குதா பாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாம் போய்விட்டது என்று அவள் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். அவர் நம்பவில்லை, உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. கட்டிலோடு ஆட்கள் வரும்வரை அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனைக்குள் மிருதுளாவைக் கொண்டுபோனபோது அவள் நீலம் பாரித்திருந்தாளாம். உடனே தொடையில் ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் ஆதிநாராயணனிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சரவணகுமாருக்குத்தான் மோசமானது. மறுநாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது, பிறகு நின்றே போனது. அத்தனை விஷத்தைச் சிறுநீரகம் தாங்கவில்லை. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வைத்தார்கள்.

ஈஸ்வரி அங்கே போனபோது அவர் மனைவி பூமிகா வராண்டாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்பதை ஆதிநாராயணன் ஒளிவு மறைவில்லாமல் அவளிடம் சொல்லியிருந்தான். அவனைப் பொறுத்தவரை அதில் மறைக்க ஒன்றுமில்லை.

"நீங்கதான் அவர வரவேணாம்னு சத்தம் போட்டீங்களா?"

ஈஸ்வரி ஆமாம் என்றாள். தேனீ தண்ணீருக்கு மேலேயே காத்திருக்கும், சுனையில் விழுந்திருந்தாலும் அவர் தப்பியிருக்க முடியாது என்று விளக்கம் சொல்லலாமா என்று நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் கத்தும்போது அவள் அதை நினைக்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

பூமிகா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு பொழச்சதுல எனக்கு சந்தோஷந்தான். ஊட்ல எங்க பொண்ணுங்க ரெண்டும் அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுக்கினு இருக்குதுங்க. உங்க மொகத்த இப்ப என்னால பாக்க முடியல. கெளம்புங்க."

ஈஸ்வரி கிளம்பினாள்.

கடம்பத்தூரில் ஈஸ்வரி வீட்டு வயலோரம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாற்றங்கால் இருந்தது. விதைப் பையை ஆதிநாராயணன் அங்கே கொண்டுவந்து போட்டிருந்தான். திறந்து பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனுஷன் அங்கே மிஷினில் கிடக்க, இங்கே விதை பொறுக்கிக்கொண்டு உட்காருவதா என்று இருந்தது. ஆனால் விதை காத்திருக்காது. இதுவும் சருகாகிவிட்டால் அவர் பட்டதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, சிறகுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, மணலும் செம்மண்ணும் கலந்து பைகளில் நிரப்பி, ஊன்றத் தொடங்கினாள்.

இரண்டாம் நாள் மிருதுளா வந்தாள். வீக்கம் முழுதும் வடியவில்லை. அவள் அப்பா ஸ்ரீராமன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வரப்பிலேயே நின்றுகொண்டார். மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி விதையை எடுத்துச் சிறகு கிள்ள ஆரம்பித்தாள். ரெயின்கோட்டுக்குக் கீழே குப்புறக் கிடந்ததால் அவளுக்கு நடந்தது எதுவும் சரியாகத் தெரியவில்லை. நீ என்ன கத்தினாய் என்று கேட்டாள். ஈஸ்வரி சொன்னாள்.

மிருதுளாவின் கை நின்றது. "என்னக் கேட்டியா நீ? அப்படி ஒருத்தர் பட்டு நான் பொழைக்கணும்னு நான் கேட்டேனா?"

கேட்க நேரம் இருக்கவில்லை என்றாள் ஈஸ்வரி. நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னாள். மிருதுளா முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி விதையை எடுத்தாள். வெயில் சாயும் வரை இருவரும் ஊன்றினார்கள். அடிவாரத்தில் சொன்னது பொய்தான் என்று சரவணகுமாரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் மிருதுளா, கிளம்பும்போது. சொல்லவும் செய்தாள், அவர் கண்விழித்துப் பேசத் தொடங்கிய அன்றே போய்ச் சொன்னாள்.

சரவணகுமாரின் சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலையில் வெப்பம் இல்லாத பிரிவுக்கு மாற்றினார்கள். இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜூலையில் ஒரு நாள் காலை, நாற்றங்காலுக்கு அருகே ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பூமிகா. பின்னாலிருந்து சரவணகுமார் இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். பூமிகா வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

அவர் பைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து பார்த்தார். மூன்றில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. முளைத்தவை இரண்டு இலை, நான்கு இலை விட்டுச் செம்பு நிறத்தில் நின்றன. குனிந்து ஒன்றின் இலையை விரலால் தொட்டார். நிழல்வலை ரொம்ப உயரத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் வெயில் அடிக்கும், இறக்கிக் கட்டு என்றார். அவள் சரி என்றாள். பிறகு அவர் தலைகீழாகக் கிடந்த சிமெண்டுத் தொட்டி மேல் உட்கார்ந்தார்.

"கம்பெனில, தெருவுல, எல்லாரும் நான் அந்தப் பொண்ணக் காப்பாத்த திரும்பி ஓடினேன்னு சொல்லிக்கினு இருக்காங்க," என்றார். "எனக்கு அந்த நேரத்துல அவ ஞாபகமே இல்ல ஈஸ்வரி. தண்ணிதான் ஞாபகம். நீ போட்ட சத்தத்துல பயந்துதான் திரும்பினேன். வேற ஒண்ணும் இல்ல."

ஈஸ்வரி ஒரு பையின் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"எனக்கும் உன் ஞாபகம் இல்லண்ணா," என்றாள். "அவ மட்டுந்தான் ஞாபகம் இருந்தா. நீ ஒரு ஆளுன்னே தோணல."

அவர் தலையாட்டினார். கோபமும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்கிற தோரணையும் இல்லை. பூமிகாவுக்கு இன்னும் ஆறவில்லை என்றும், ஆறவில்லை என்றாலும் இங்கே கொண்டுவந்து விட்டது அவள்தான் என்றும் சொன்னார். அவளை உள்ளே கூப்பிடட்டுமா என்று ஈஸ்வரி கேட்டாள். வேண்டாம், அவளாக வரும்போது வரட்டும் என்றார்.

வெளியே ஹாரன் ஒருமுறை ஒலித்தது. அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைகொடுக்கலாமா என்று ஈஸ்வரி தயங்குவதற்குள் அவரே அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். வரப்பு வரை அப்படியே நடந்தார்கள். வரப்பில் ஏறியதும் அவர் கையை எடுத்துக்கொண்டு, வண்டியை நோக்கித் தனியாகப் போனார்.